வாதி ஆஜரில்லை

6 மார்ச் 2025, வியாழன்

இன்றும் ஒன்றும் நடக்கவில்லை. பாதி நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

கோர்ட் அறைக் கதவுக்கு வெளியே ஒரு பட்டியல் ஒட்டுவார்கள். அன்றைக்கு எந்தெந்தக் கேஸ் என்று வரிசையாக இருக்கும். அதற்கு போர்டு என்று பெயர். எங்கள் கேஸ் மூன்றாவது பக்கத்தின் அடியில் கிடந்தது. முதல் பக்கம் முடிவதற்குள் ஜட்ஜ் எழுந்து போய்விட்டார். வக்கீல் சுரேந்திரன் சார் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வந்து, "நாட் ரீச்டும்மா. ஏப்ரல் இருபத்திரண்டு போட்டிருக்கா. கவலைப்படாதீங்கோ" என்றார். மாட்டுங்காக்காரர். எதற்கும் பதறமாட்டார். அவர் வீட்டுக்குள் சாக்கடை வருவதில்லையே, எதற்குப் பதற வேண்டும்?

நாட் ரீச்டு என்றால் எங்கள் முறை வரவில்லை என்று பொருள். தாராவியிலிருந்து அம்மாவும் நானும் அடித்துப்பிடித்து ரயில் ஏறி, கதவு திறக்குமுன் வந்து நின்றோம். வராதது நாங்கள் இல்லை.

கேஸ் ஒரு மாடியைப் பற்றியது. எங்கள் கோலி வீட்டுக்கு மேலே அப்பா இரும்புக் கம்பி ஏற்றி, ஷீட் போட்டுக் கட்டிய ஒற்றை அறை. ஊர்க்காரர், பக்கத்துத் தெருப் பையன் என்று சொல்லி சுடலைமணி அண்ணாச்சிக்குப் பை தைக்க வாடகைக்கு விட்டார். பதினோரு மாத ஒப்பந்தம். அப்பா போய்ச் சேர்ந்தார், ஒப்பந்தமும் முடிந்தது, அண்ணாச்சி மட்டும் இறங்கவில்லை. "அண்ணன் எனக்கே குடுத்துட்டுத்தான் போனாவ" என்கிறார். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்?

மழைக்காலத்தில் கீழே முழங்கால் அளவு தண்ணீர் வரும். அம்மா கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தலைக்கு மேலே நம் சொந்த மாடியில் அவன் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். அந்த மாடியில் அம்மாவுக்கு ஒரு பாய் விரிக்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

7 மார்ச்

தம்பி வெங்கடேஷ் அம்பர்நாத்திலிருந்து போன் செய்தான். "சோட் தே அக்கா, விட்டுத் தள்ளு, கோர்ட்டு கேஸெல்லாம் நமக்கு எதுக்கு?" அவன் வீடு மூன்றாவது மாடி. சொல்லுவான்.

19 மார்ச், புதன்

சர்வேக்காரர்கள் வந்தார்கள். கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு இரண்டு பேர். தாராவியை இடித்துக் கட்டும்போது யாருக்கு வீடு என்பது இவர்கள் தட்டுவதில் இருக்கிறது. அம்மாவிடம், "பதி கா நாம்?" என்று புருஷன் பெயர் கேட்டார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் வாயில் பிரஷ்ஷோடு நிற்கிறேன்.

"ஏளா, சொல்லு."

துப்பிவிட்டு வந்து "தளவாய்" என்றேன். அம்மா அப்பா பெயரைச் சொல்லமாட்டாள். உயிரோடு இருந்தபோதும் சொன்னதில்லை, போன பிறகும் இல்லை. வீட்டில் 'செல்வியப்பா', வெளியே 'அவிய'. ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். பேங்கில் கேட்டால் பாஸ்புக்கை நீட்டுவாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் எதுவும் கையில் இல்லாமல், வரிசையில் பின்னால் நின்றவளைச் சொல்லச் சொன்னாளாம். அவளுக்கு எப்படித் தெரியும்?

மேலேயிருந்து அண்ணாச்சி குரல் கொடுத்தார்: "ஊபர் மேரா ஹை, மேரா லிக்கோ!" மாடி அவருடையதாம், அவர் பெயரை எழுத வேண்டுமாம். நான் உள்ளே ஓடிப்போய் கோர்ட் உத்தரவை எடுத்து வந்து காட்டினேன். ஸ்டேட்டஸ் கோ. கேஸ் முடியும்வரை எல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டும், மாடியை அவர் யாருக்கும் மாற்றவோ, தன் பெயரில் பதியவோ கூடாது என்று அர்த்தம். சர்வேக்காரர் பார்த்துவிட்டு, மாடிக்கு யார் பெயரும் போடாமல் 'தகராறு' என்று குறித்துக்கொண்டார்.

கேஸ் உயிரோடு இருக்கும்வரைதான் இந்தக் காகிதத்துக்கு மதிப்பு. அண்ணாச்சிக்கும் இது தெரியும். படியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

22 ஏப்ரல், செவ்வாய்

ஜட்ஜ் லீவு. போர்டு டிஸ்சார்ஜ் என்றார்கள். என்றால்? அன்றைய கேஸ்கள் அத்தனைக்கும் மொத்தமாக வேறு தேதி. ஜட்ஜ் லீவு என்று நேற்றே தெரியாதா? தெரியுமாம். அப்படியானால் நேற்றே சொன்னால் என்ன கேடு?

சுரேந்திரன் சாரின் ஜூனியர் சுனிதாவைக் கேன்டீனில் பிடித்து உட்காரவைத்தேன். சான்பாடாவிலிருந்து வருகிற பெண். நாசரேத் பக்கத்துக் குடும்பம், நம் பேச்சுதான் பேசுகிறாள். "எனக்கு இந்த வார்த்தையெல்லாம் தெரிஞ்சாகணும். வக்கீல் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டி அலுத்துப்போச்சு" என்றேன். அவள் கேஸ் பார்க்கிற ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

ஸ்டேஜ் என்றால் கேஸ் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பது. எங்களுடையது 'பிளெயின்டிஃப் எவிடன்ஸ்'. பிளெயின்டிஃப் என்றால் வாதி, கேஸ் போட்டவர், அதாவது அம்மா. அவள் கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டிய கட்டம். அட்ஜர்ண்ட் என்றால் ஒத்திவைப்பு. கீப் பேக் என்றால் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிடுவார்கள். ரோஜ்நாமா என்றால் அன்றன்றைக்குக் கோர்ட்டில் நடந்ததை எழுதி வைப்பது. 'சே' என்றால் எதிராளியின் பதில்.

"சரி, ஏன் தள்ளிப்போச்சுன்னு ஒருத்தரும் எழுதுறதில்லையா?"

"எழுதுவாங்கக்கா. டைம் இல்லைன்னு எழுதுவாங்க."

சிரித்துவிட்டேன். கோபத்தில் வரும் சிரிப்பு.

வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்து எங்கள் கேஸின் பழைய தேதிகளை எல்லாம் பார்த்தேன். திரை நிறைய ஒரே வார்த்தை. தேதி, ஒத்திவைப்பு. தேதி, ஒத்திவைப்பு. அப்பா கட்டி முடிக்க இவ்வளவு காலம் ஆகவில்லை.

12 ஜூன்

பதினேழாம் தேதி சாட்சி. அம்மா கட்டாயம் வர வேண்டும். எனக்கு லீவு கிடையாது. செம்பூர் கிளினிக்கில் கண் முகாம், நான் ரிசப்ஷனில் இல்லாவிட்டால் டாக்டருக்குக் கை ஓடாது. "லீவு கேக்காதீங்க மாரிசெல்வி" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

அம்மா, "நான் போயிட்டு வந்துருவேன். சயன்ல ஏறி வி.டி.ல இறங்க எனக்குத் தெரியாதா? சுனிதாப் பொண்ணு இருக்காள்ல" என்கிறாள்.

17 ஜூன், செவ்வாய்

அம்மா சாயங்காலம் திரும்பி வந்தாள். சோர்ந்துபோயிருந்தாள்.

"கூப்பிடவே இல்லட்டி. பெஞ்சுலயே இருந்தேன். அறையப் பூட்டப்போறோம், போன்னு சொன்னான், வந்துட்டேன்."

சுனிதா?

"வேற கோர்ட்டுல நிக்காளாம். வருவேன்னா, வரல. சுடலைமணி வந்திருந்தான். 'மதினி, டீ குடிச்சியளா'ன்னு கேட்டுட்டு மத்தியானத்துக்கு முன்னாலயே போயிட்டான்."

மறுபடி நாட் ரீச்டாகத்தான் இருக்கும். பழகிப்போன எரிச்சல். ரசம் வைத்துக் கொடுத்தேன்.

18 ஜூன்

டிஸ்போஸ்டு.

ஆப்பில் அப்படித்தான் இருக்கிறது. கேஸ் முடிந்தது. 'டிஸ்மிஸ்டு இன் டிஃபால்ட்'. கிளினிக்கில் கவுன்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு பார்த்தேன். கண்ணாடி வாங்க வந்தவர் என்னென்னவோ கேட்கிறார், எனக்குக் காதில் விழவில்லை.

சுனிதாவுக்குப் போன் செய்தேன். எடுத்ததுமே குரல் கம்மிவிட்டது. "அக்கா, நான் இன்னொரு கோர்ட்டுல மாட்டிக்கிட்டேன். சார் ஹைகோர்ட்டுல. வாதி வராட்டி கேஸைத் தள்ளுபடி பண்ணிருவாங்க, அதான் டிஃபால்ட்."

"வாதி வந்திருந்தாங்களே! காலைல இருந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தாங்களே!"

ஸ்டேட்டஸ் கோவும் போய்விட்டதா என்று கேட்டேன். கேஸோடு அதுவும் போய்விட்டதாம். இத்தனை வருஷம் எல்லோரும் வராமல் இருந்தார்கள், ஜட்ஜ் வரவில்லை, வக்கீல் வரவில்லை, அண்ணாச்சி வரவில்லை. அப்போதெல்லாம் ஒத்திவைப்பு. எங்கள் அம்மா வரவில்லை என்று ஒரே ஒரு நாள் நினைத்தவுடன் கேஸையே முடித்துவிட்டார்கள். அதுவும் அவள் வந்திருந்த நாளில்!



19 ஜூன், வியாழன்

மாட்டுங்கா. சுரேந்திரன் சார் ஆபீஸ். போகும்போதே சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் எனக்குக் காபி வரவழைத்தார். காபி!

"ரெஸ்டோரேஷன் போட்டுடலாம். முப்பது நாளைக்குள்ள. கேஸைத் திரும்ப ஃபைல்ல ஏத்தச் சொல்லி ஒரு மனு. அம்மாவுக்கு அன்னிக்கு உடம்பு சரியில்லை, வர முடியலைன்னு எழுதி, ஒரு மெடிக்கல் சர்டிபிகேட் வைக்கணும். நீங்க கிளினிக்லதானே இருக்கேள்? சுலபம்."

"அம்மா அங்கதான் இருந்தாங்க சார்."

"இருந்தா ஏம்மா எழுந்திருக்கலை? கூப்பிட்டிருக்காளே."

எழுந்து வந்தேன். காபியைக் குடிக்கவில்லை. இப்போது யோசித்தால் குடித்திருக்கலாம், அதுவும் எங்கள் ஃபீஸில்தானே.

21 ஜூன், சனி

அந்த நாளின் ரோஜ்நாமா ஆப்பில் ஏறிவிட்டது. நாலே வரி. 'டிஃபென்டன்ட் பிரசென்ட். பிளெயின்டிஃப் கால்டு அவுட் ரிபீட்டட்லி. பிளெயின்டிஃப் அண்ட் அட்வகேட் ஆப்சென்ட். சூட் டிஸ்மிஸ்டு இன் டிஃபால்ட்.'

பிரதிவாதி ஆஜர். வாதியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம், ஆஜரில்லை.

யார் கூப்பிட்டது? எங்கே நின்று கூப்பிட்டது? அம்மாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். மேல்மாடியில் ஊசி விழுந்தால் கீழே சொல்லுவாள். பொய் எழுதியிருக்கிறார்கள். யாரோ அண்ணாச்சியிடம் கை நீட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை போய் அந்த அறையில் நின்று கத்தப்போகிறேன்.

22 ஜூன், ஞாயிறு

கத்தப்போவதில்லை. யாரிடம் போய்க் கத்துவது என்றே தெரியவில்லை.

காலையில் அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் ரோஜ்நாமாவைத் தமிழில் சொன்னேன். "திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்கன்னு எழுதி வெச்சிருக்கானுங்கம்மா, எவ்வளவு திமிர்" என்றேன். கத்தி நின்றது.

"ஏளா... அன்னைக்கு உங்கப்பாவத்தான் கூப்ட்டான்."

"என்ன?"

"அந்த பட்டேவாலா இருக்காம்லா, சேவகன், வெள்ளச் சட்டை. வாசல்ல நின்னு கூப்ட்டான். அவிய பேரச் சொல்லி. மூணு மட்டம். எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிட்டு. செத்த மனுசனப் போயி ஏன் கூப்டுதான்னு இருந்துச்சு. கண்ணு கலங்கிட்டு, முந்தானையால மூடிக்கிட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கேஸ் கட்டில் 'பூமாரி தளவாய்'. ஆதாரில் அப்படி, எல்லாவற்றிலும் அப்படி. பம்பாயில் பின்னால் நிற்பதுதான் குடும்பப் பெயர். பாட்டீல் என்பார்கள், ஷிண்டே என்பார்கள், எழுந்து நிற்பார்கள். பட்டேவாலா வழக்கம்போலப் பின்பெயரைக் கூப்பிட்டிருக்கிறான். தளவாய்! தளவாய்! தளவாய் ஹாஜிர் ஹை க்யா?

மற்ற தேதிகளில் வக்கீலோ நானோ இருந்தோம், கேஸ் நம்பரைச் சொன்னதுமே கை தூக்கிவிடுவோம், பெயர் கூப்பிடும்வரை போனதில்லை. அன்றைக்கு அவள் ஒருத்திதான்.

நான் கத்திவிட்டேன். "எந்திரிச்சு நின்னிருக்கலாம்ல! என்னன்னு கேட்டிருக்கலாம்ல! ஒரு பேருக்காக மாடியையே விட்டுட்டியே!"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அந்தப் பேருக்கு நான் எப்படிட்டி 'நான்தான்'னு எந்திக்க? அவிய பேரு அது."

கோலிக்கு வெளியே வந்து குழாயடியில் நின்றேன்.

அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி அங்கே இருந்தார். நாலு அடி தூரத்தில். டீ குடிச்சியளா என்று கேட்டவர். பெயரைக் கூப்பிட்டபோது அம்மா அங்கேதான் இருக்கிறாள் என்று அவருக்குத் தெரியும். ஏன் எழுந்திருக்கமாட்டாள் என்றும் இந்தப் பம்பாய் கோர்ட்டில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் வீட்டிலும் அப்படித்தானே. 'இந்தா இருக்காவ' என்று ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொல்லவில்லையே பாவி.

25 ஜூன், புதன்

கிளினிக்கில் டாக்டர் சர்டிபிகேட் டைப் செய்து கொடுத்துவிட்டார். ஜூன் பதினாறு முதல் பதினெட்டு வரை கண்வலி, வெளியே போகக்கூடாது. கேள்வியே கேட்கவில்லை. இத்தனை வருஷம் லீவு கேட்காமல் உழைத்ததற்குப் பலன் போலிருக்கிறது. கைப்பையில் வைத்திருக்கிறேன்.

இன்று ரிசப்ஷனில் அடுத்த நோயாளியை "ஜாதவ், ஜாதவ்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். யாரும் வரவில்லை. வழக்கமாக மூன்றாவது தடவைக்குப் பிறகு கோடு போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போவேன். இன்று எழுந்து போய் ஒவ்வொரு நாற்காலியாகக் கேட்டேன். மூலையில் ஒரு வயதான ஆயி உட்கார்ந்திருந்தார். தூங்கிவிட்டாராம், அவ்வளவுதான். கூட வேலை பார்க்கும் சாயிமா என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

27 ஜூன், வெள்ளி

அம்மாவை மாட்டுங்காவுக்குக் கூட்டிப்போனேன். சுரேந்திரன் சார் மனுவைத் தயாராக வைத்திருந்தார். சுனிதா தமிழில் வாசித்துக் காட்டினாள். கண்வலி காரணமாக வாதி அன்று கோர்ட்டுக்கு வர இயலவில்லை. அம்மா கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கியவள், திரும்ப வைத்துவிட்டாள்.

"நான் அங்கனதான இருந்தேன்."

"அது தெரியும் மாமி. இது ஒரு ஃபார்மாலிட்டி" என்றார் சார்.

"நான் வரலைன்னு அவன் எழுதி வெச்சிருக்கான். அது பொய்யி. இப்ப நானும் வரலைன்னு எழுதிக் குடுத்தா, அவன் எழுதுனது மெய்யாயிரும்லா?"

சார் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். நிஜக் காரணத்தை எழுதினால் கோர்ட்டில் சிரிப்பார்கள், ஆதாரம் இல்லை, மெடிக்கல் என்றால் எந்த ஜட்ஜும் மறுக்கமாட்டார், மாடி வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனக்கும் அதே பயம். சர்டிபிகேட் என் பையில் கனக்கிறது. சத்தியமாக, மேஜையில் எடுத்து வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் அவர் அடுத்து ஒன்று சொன்னார். "இந்தக் காலத்துல போய் ஆம்படையான் பேர் சொல்லமாட்டேன்னா என்னம்மா சொல்றது?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "ஏன் சார், எங்கம்மா பேர் பூமாரி. அவங்க கேஸ். அவங்க பேரைச் சொல்லி ஒரு தடவ கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பாங்க. ஒரு பொம்பளையை அவ பேர் சொல்லிக் கூப்பிட இந்தக் காலத்துலயும் ஒருத்தனுக்கும் வாய் வரல, அது சிரிப்பில்லையா? எங்கம்மா எந்திரிக்காததுதான் சிரிப்பா?"

சுனிதா, "சார், உள்ளதை உள்ளபடி எழுதுவோம். நானே டிராஃப்ட் பண்றேன். அன்னைக்கு வராதது நான்தான், அதையும் எழுதிக்கிறேன்" என்றாள். சார் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார்.

சர்டிபிகேட்டைக் கிழித்து ரயிலிலிருந்து வீசினேன். குப்பை போட்டது தப்புதான்.

3 ஜூலை

மனு தாக்கல். இதற்குத் தனி நம்பர், தனி ஸ்டேஜ், தனித் தேதி. கேஸைத் திறக்கச் சொல்வதே இன்னொரு கேஸ்!

26 ஜூலை, சனி

தண்ணீர் வந்துவிட்டது. கறுப்பாக, நாற்றத்தோடு. அம்மா கட்டிலில். ஸ்டவ்வைக் கட்டில்மேல் ஏற்றி டீ போட்டோம். மேலே மிஷின் ஓடுகிறது. அண்ணாச்சி சர்வே ஆபீசுக்குப் போய் மாடியைத் தன் பெயரில் எழுதச் சொல்லி மனு கொடுத்திருக்கிறார் என்று தெருவே சொல்கிறது. கேஸ் முடிந்துவிட்டதே, யார் தடுப்பது?

படி ஏறிப் போய், "அண்ணாச்சி, அம்மாவை மட்டும் ரெண்டு நாள் மேல உட்கார விடுங்க" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"மிஷினு நெறைய கெடக்கும்மா, எடம் எங்க? கோர்ட்டுல ஜெயிச்சு வாங்கிக்கிடுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

'சே நாட் ஃபைல்டு.' எதிராளி பதில் போடவில்லை. ஒத்திவைப்பு. பாருங்கள், பதில் போடாதவனைத் தள்ளுபடி செய்ய ஒரு வார்த்தை கிடையாது.

9 செப்டம்பர், செவ்வாய்

கிளினிக்கில் லீவு கேட்கவில்லை, வரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. கோர்ட்டுக்குப் போய்விட்டேன். வேலை போனால் போகட்டும்.

புது ஜட்ஜ். மூக்குக் கண்ணாடி போட்ட பெண்மணி, மராத்திக்காரர். சுனிதாதான் பேசினாள். அண்ணாச்சியின் வக்கீல் சிரித்துக்கொண்டே, "மேடம், வாதி வேண்டுமென்றே வரவில்லை. இப்போது பழக்கவழக்கம் என்று கதை கட்டுகிறார்கள். இந்தக் காலத்தில் யார் நம்புவார்?" என்றார். பின்வரிசையில் இருந்த வக்கீல்களும் சிரித்தார்கள். சுரேந்திரன் சார் சொன்னது சரிதான். எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

ஜட்ஜ் சிரிக்கவில்லை. அண்ணாச்சியை முன்னால் வரச் சொன்னார். ஹிந்தியில் கேட்டார்: அன்றைக்கு இந்த அம்மாவைக் கோர்ட்டில் பார்த்தீர்களா?

அண்ணாச்சி தன் வக்கீலைப் பார்த்தார். "யாத் நஹி, மேடம்." ஞாபகம் இல்லையாம்.

ஜட்ஜ் மனுவைப் புரட்டினார். பிறகு, ஏதோ வீட்டு விஷயம் பேசுவதுபோல, "உங்கள் மனைவி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாரா?" என்றார்.

அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார். வக்கீல் கையைப் பிடிப்பதற்குள் சொல்லிவிட்டார். "நஹி மேடம்! ஹமாரே மே ஐஸா நஹி சல்தா. எங்க வீட்டுப் பொம்பளையள் யாரும் புருசன் பேரச் சொல்ல மாட்டாவ. மதினியும் சொல்ல மாட்டாவ, அன்னைக்குக்கூட..."

நின்றுவிட்டார். தமிழில் சொன்னதைச் சுனிதா சத்தமாக, நிறுத்தி நிதானமாக ஹிந்தியில் சொன்னாள். 'அன்றைக்குக்கூட' என்பதை இரண்டு தடவை சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஜட்ஜ் பேனாவை எடுத்து எழுதினார். ஆர்டர் அடுத்த வாரம்.

வெளியே வந்ததும் அம்மா, "அவன் பொஞ்சாதி பாவம்ட்டி" என்றாள். எனக்கு அந்த மனசெல்லாம் இல்லை.

16 செப்டம்பர்

'அப்ளிகேஷன் அலவ்டு. சூட் ரெஸ்டோர்டு டு ஃபைல்.' கேஸ் திரும்ப உயிரோடு. ஸ்டேட்டஸ் கோவும் தொடரும் என்று தனி வரி இருக்கிறது. காகிதத்தைப் பிரின்ட் எடுத்து நானே சர்வே ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தேன். முத்திரை வாங்காமல் நகரவில்லை.

ஜெயித்த மாதிரியே இல்லை. இழந்ததைத் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஸ்டேஜ்: பிளெயின்டிஃப் எவிடன்ஸ். மார்ச்சில் எங்கே நின்றோமோ அங்கேயே.

17 நவம்பர்

நாளைக்கு அம்மா சாட்சி. சுனிதா போன் செய்து, கூண்டில் ஏறியதும் பெயர், வயது, புருஷன் பெயர் கேட்பார்கள், அம்மாவிடம் சொல்லி வையுங்கள் என்றாள். காகிதத்தைக் காட்டினால் போதும் என்று ஜட்ஜிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள். ஆதார் கார்டை நான்தான் எடுத்துப் பையில் வைத்தேன்.

18 நவம்பர், செவ்வாய்

அதே பட்டேவாலா, அதே வெள்ளைச் சட்டை. வாசலில் நின்று இழுத்துக் கூப்பிட்டான். "தளவா...ய்!"

நான் கையைத் தூக்கப் போனேன். அம்மா என் கையைக் கீழே அழுத்தினாள். எழுந்து நின்றாள்.

"ஹாஜிர்."

அறை முழுக்கக் கேட்டது. அண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

கூண்டில் ஏறினாள். பெயர் கேட்டார்கள், பூமாரி என்றாள். வயது சொன்னாள். கிளார்க் தலை நிமிராமலே, "பதி கா நாம்?" என்றார். சுனிதா ஆதார் கார்டை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அம்மா அதை வாங்கவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஜட்ஜ் காத்திருந்தார். நானே எழுந்து சொல்லிவிடலாமா என்றிருந்தது.

"தளவாய்" என்றாள்.

அம்மா வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. வேறு யாருடைய பெயரையோ போல மெதுவாக, பத்திரமாகச் சொன்னாள். பிறகு அவள் சாட்சிப் பத்திரத்தில் இருப்பது தன் கையெழுத்துதான் என்றாள், எழுதியிருப்பது அத்தனையும் உண்மை என்றாள். குறுக்கு விசாரணைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் தேதி கேட்டார். ஜனவரி. எனக்கு வழக்கம்போல ரத்தம் கொதித்தது, முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏம்மா, கார்டைக் காட்டியிருக்கலாமே என்றேன்.

"அவிய கட்டுன மாடி. அவிய பேரச் சொல்லாம யாரு மாடின்னு சொல்ல?"

என் போனைத் தொட்டுக் காட்டி, "ஏளா, அந்த நாலு வரி வந்துட்டா பாரு" என்றாள். வீட்டுக்கு வந்து விளக்குப் போட்ட பிறகுதான் ஆப்பில் ஏறியது. 'பிளெயின்டிஃப் பிரசென்ட்' என்று முதல் வரி. வாதி ஆஜர் என்று தமிழில் சொன்னேன். இன்னொரு மட்டம் வாசி என்றாள். வாசித்தேன்.